யூனிட் விலை, யூனிட் எண்ணிக்கை: சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் என் ஊர். எஸ்டேட் ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். பேங்க் கடிதம், சேமநிதித் தாள், காப்புறுதித் தாள் என்று எது வந்தாலும் வாசித்துச் சொல்வேன். எதையும் விற்பதில்லை. சில வருடமாக அதிகம் வருவது முதலீட்டோடு இணைந்த காப்புறுதியின் ஆண்டுத் தாள்தான். கட்டும் சந்தாவில் முதலீடும் காப்பும் சேர்ந்திருக்கும் காப்புறுதி அது. அதில் "யூனிட் விலை" என்ற ஒரு கட்டம் இருக்கிறது. எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள், பக்கத்துக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணே, முதலில் இந்த யூனிட் என்றால் என்ன?

ஆயிரக்கணக்கான பேர் போட்ட பணத்தை ஒன்றாகச் சேர்த்துப் பங்கு, கடன் பத்திரம், வைப்புத் தொகை என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சேர்ந்த பணத்துக்குப் பெயர் ஃபண்ட். அதில் உங்கள் பாகம் எவ்வளவு என்று அளக்க ஒரு படி வேண்டும் இல்லையா? அந்தப் படிதான் யூனிட்.

மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருப்பவருக்கு இது உடனே விளங்கும். தராசில் ஏறியது எத்தனை டன் குலை என்பது ஒரு கணக்கு. இன்றைக்கு டன் என்ன விலை என்பது வேறு கணக்கு. இரண்டையும் பெருக்கினால்தான் கைக்கு வரும் காசு. டன் உங்களுடையது, விலை சந்தையுடையது. யூனிட்டும் அப்படியே: எண்ணிக்கை உங்கள் பெயரில் நிற்கும், விலை தினமும் மாறும்.

அந்த விலையை யார் வைக்கிறார்கள்? கம்பெனி இஷ்டத்துக்கு வைக்க முடியுமா?

முடியாது. அது கணக்குப் போட்டு வருகிற விலை. வேலை நாள் ஒவ்வொன்றும் முடிந்தபின், ஃபண்டிடம் உள்ள எல்லாவற்றையும் அன்றைய சந்தை விலையில் மதிப்பிடுவார்கள். கொடுக்க வேண்டிய செலவுகளைக் கழிப்பார்கள். மிச்சத்தை மொத்த யூனிட் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருவதுதான் யூனிட் விலை. பெரும்பாலும் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை எழுதுவார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃபண்டில் 1 கோடி வெள்ளி (ரிங்கிட்), 80 லட்சம் யூனிட். யூனிட் 1.2500 வெள்ளி. மறுநாள் ஃபண்டின் சொத்து 0.4 விழுக்காடு ஏறுகிறது, அதாவது 40,000 வெள்ளி. அப்படியே வகுத்தால் 1.2550 வரும். ஆனால் தாளில் வருவது 1.2549. அந்தக் கடைசிப் புள்ளி எங்கே போனது? நிர்வாகக் கட்டணம். வருடத்துக்கு 1.5 விழுக்காடு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 411 வெள்ளி. அது விலை வெளியே வருவதற்கு முன்பே ஃபண்டிலிருந்து கழிந்துவிடும். உங்களுக்கு பில் வராது, ரசீது வராது. அதனால்தான் நிறையப் பேர் "எனக்குக் கட்டணமே இல்லை" என்று நினைக்கிறார்கள். இருக்கிறது. விலைக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்றும் கேட்பார்கள்: புதிதாக நிறையப் பேர் சேர்ந்தால் என் யூனிட் விலை ஏறுமா? ஏறாது. ஒருவர் 12,549 வெள்ளி போட்டால் 1.2549 விலையில் 10,000 யூனிட் புதிதாக உண்டாகும். சொத்தும் கூடும், யூனிட்டும் கூடும், வகுத்தால் அதே விலை. ஆள் சேர்வதால் யாருக்கும் லாபமில்லை. "ஆள் சேர்த்தால் விலை ஏறும்" என்று எவராவது சொன்னால் அது வேறு வியாபாரம், எழுந்து வந்துவிடுங்கள்.

காலையில் விலை பார்த்து விற்கச் சொன்னேன். வேறு விலை போட்டிருக்கிறார்களே?

காலையில் நீங்கள் பார்த்தது முந்தைய வேலை நாளின் விலை. விற்பதும் வாங்குவதும் அடுத்து வரும் மதிப்பீட்டு விலையில்தான் நடக்கும். அந்த விலை நீங்கள் கையெழுத்துப் போடும்போது யாருக்கும் தெரியாது. தெரிந்த விலையில் விற்க விட்டால், சந்தை விழுந்ததை மத்தியானமே பார்த்தவன் நேற்றைய விலைக்கு விற்றுவிட்டுப் போவான். நட்டம் மிச்சம் இருப்பவர்கள் தலையில் விழும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

மாதம் 200 வெள்ளி கட்டுகிறேன். 120 வெள்ளிக்குத்தான் யூனிட் வாங்கியிருக்கிறார்கள். மீதி 80?

முதல் வருடங்களில் சந்தாவின் ஒரு பகுதிதான் யூனிட்டுக்குப் போகும். பல பாலிசிகளில் முதல் மூன்று வருடம் 60 விழுக்காடு, அப்புறம் 80, 95 என்று ஏறி, பத்து வருடம் தாண்டியபின் முழுவதும் போகும். மிச்சம் முகவர் கமிஷனுக்கும் கம்பெனிச் செலவுக்கும். இது ஒளிவு மறைவு இல்லை, விற்பனைக்கு முன் கொடுக்கும் தாளிலேயே இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தை முகவர் விரல் வைத்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டாவிட்டால் கேட்க வேண்டும்.

கட்டுவது 200, போவது 120. யூனிட் 0.8000 வெள்ளி என்றால் 150 யூனிட். அடுத்த மாதம் விலை 0.7500க்கு இறங்கினால் அதே 120 வெள்ளிக்கு 160 யூனிட். விலை இறங்கிய மாதத்தில் அதிகம் வாங்குகிறோம். நீண்ட காலம் கட்டுகிறவருக்கு அது நல்லதுதான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை, அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

யூனிட் விலை ஏறியிருக்கு, ஆனால் என் பணம் குறைந்திருக்கு. எப்படி?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

ஓர் அக்கா வந்தார், வயது 54. மைலோ டின்னிலிருந்து நான்காய் மடித்த தாளை எடுத்து மேசையில் நீவி விட்டார். மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது. "விலை ஏறியிருக்கு, நல்லா இருக்குன்னு ஏஜென்டு சொன்னாரு தம்பி. நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார். விலை ஏறித்தான் இருந்தது: வருடத் தொடக்கத்தில் 0.6100, கடைசியில் 0.6400. ஆள்காட்டி விரலை அந்தக் கட்டத்திலிருந்து ஒரு கட்டம் இடதுபக்கம் நகர்த்தினேன். தொடக்கத்தில் 9,412.36 யூனிட். கடைசியில் 8,164.36.

பெருக்கினோம். தொடக்கத்தில் 5,741 வெள்ளி 54 காசு. கடைசியில் 5,225 வெள்ளி 19 காசு. வருடம் முழுக்க 2,400 வெள்ளி கட்டிய பிறகு, விலையும் ஏறிய பிறகு, 516 வெள்ளி குறைவு. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "நான் ஒரு மாசம்கூட விடலையே" என்றார்.

அவர் விடவில்லை. பத்து வருடம் தாண்டிய பாலிசி, அதனால் அந்த 2,400 வெள்ளி முழுவதுக்கும் சுமார் 3,840 யூனிட் வாங்கினார்கள். ஆனால் மாதாமாதம் காப்புறுதிக் கட்டணம், மருத்துவ அட்டைக் (மருத்துவமனைச் செலவுக்கான காப்புறுதி) கட்டணம், பாலிசிக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 265 வெள்ளி. இதற்குக் கையில் காசு கேட்க மாட்டார்கள், யூனிட்டை விற்று எடுத்துக்கொள்வார்கள். அப்படிப் போனது சுமார் 5,088 யூனிட். வாங்கியதைவிடப் போனது அதிகம்.

காப்புறுதிக் கட்டணம் வயதோடு ஏறும். 30 வயதில் சில வெள்ளியில் முடிந்தது 50க்கு மேல் பல மடங்காகும். மருத்துவச் செலவு கூடினால் மருத்துவ அட்டைக் கட்டணத்தையும் மறுபரிசீலனை செய்து ஏற்றுவார்கள். சந்தை விழுந்த மாதத்தில் அதே 265 வெள்ளியை எடுக்க இன்னும் அதிக யூனிட்டை விற்க வேண்டும். விலை 0.6400 என்றால் 414 யூனிட் போகும், 0.5000 என்றால் 530 யூனிட் போகும். வாங்கும்போது நமக்கு உதவிய அதே இறக்கம் இங்கே நம்மை அரிக்கிறது. யூனிட் தீர்ந்தால் பாலிசி நின்றுவிடும். அறுபது வயதில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்த பிறகு, மருத்துவ அட்டை செத்துப்போவது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் தாள் வந்ததும் முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். போன வருடத் தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். யூனிட் குறைந்திருந்தால் கம்பெனிக்கே எழுதி ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது கட்டும் சந்தாவில் இந்தப் பாலிசி எந்த வயது வரை நிற்கும்?" பதில் எழுத்தில் வரட்டும்.

அந்த அக்கா எழுதினார். பதில் வந்தது: சந்தாவைக் கூட்டாவிட்டால் 60ஐத் தாண்டாது. வேண்டாத இரண்டு கூடுதல் காப்பீடுகளை நீக்கி, மரணக் காப்புத் தொகையைக் குறைத்து, மாதம் 40 வெள்ளி கூட்டிக் கட்டினார். மருத்துவ அட்டையை மட்டும் தொடவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் இதை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்கலாமா? வேறு ஏஜென்டு சொல்கிறார்.

அவசரப்படாதீர்கள். புதுப் பாலிசி என்றால் மறுபடியும் முதல் வருடம், மறுபடியும் 60 விழுக்காடு. இப்போது உள்ள நோயைப் புதுப் பாலிசி ஏற்காது. சேர்ந்த புதிதில் சில நோய்க்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலமும் திரும்பத் தொடங்கும். பழையதை வெட்டிப் புதியதை விற்றால் லாபம் யாருக்கு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

50 காசு யூனிட் மலிவு, 2 வெள்ளி யூனிட் விலை அதிகம். மலிவானதையே வாங்கலாமா?

1,000 வெள்ளிக்கு 50 காசு யூனிட் 2,000 கிடைக்கும், 2 வெள்ளி யூனிட் 500 கிடைக்கும். இரண்டு ஃபண்டும் 10 விழுக்காடு ஏறினால் இரண்டிலும் 1,100 வெள்ளிதான். யூனிட் விலை எங்கே தொடங்கியது, எத்தனை வருடமாக ஓடுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். மலிவு, அதிகம் என்ற பேச்சே இதில் இல்லை.

அமானா சஹாம் மலேசியா எப்போதும் 1 வெள்ளிதானே? இது மட்டும் ஏன் ஆடுகிறது?

நல்ல கேள்வி. நம் மக்களுக்கு முதலில் பழக்கமான யூனிட் அதுதான். 2009இல் வந்த அமானா சஹாம் 1மலேசியாவில் இந்தியர்களுக்கென்று யூனிட் ஒதுக்கினார்கள். அந்த ஃபண்டின் இன்றைய பெயர் அமானா சஹாம் மலேசியா 3. பெர்மொடாலான் நேஷனல் நடத்தும் இந்த வகை நிலை விலை ஃபண்டுகளில் 1 வெள்ளிக்கு வாங்குவோம், 1 வெள்ளிக்கே விற்போம். சந்தை ஏறி இறங்குவது விலையில் தெரியாது. ஃபண்டின் கணக்கு வருடக் கடைசியில் அறிவிக்கும் பங்கீட்டில்தான் (லாபத்தில் தரும் பங்கு) தெரியும், அதுவும் யூனிட்டாகக் கணக்கில் ஏறும். அதாவது அங்கே விலை நிற்கிறது, எண்ணிக்கை வளர்கிறது.

அதில் பழகிய கண்ணோடு காப்புறுதித் தாளைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். இங்கே விலையும் ஆடும், எண்ணிக்கையும் ஆடும். என்னைக் கேட்டால், சும்மா சேமிக்க நினைப்பவருக்கு யூனிட் கிடைக்கும்போதெல்லாம் அந்த 1 வெள்ளி ஃபண்டே போதும். காப்புறுதி வாங்குவது காப்புக்காக, சேமிப்புக்காக அல்ல.

யூனிட் டிரஸ்டில் பங்கீடு கொடுத்த மறுநாள் விலை விழுந்துவிட்டது. ஏமாற்றா?

இல்லை. யூனிட் டிரஸ்ட் என்பது காப்புறுதி சேராத, முதலீடு மட்டுமான ஃபண்ட். உங்களிடம் 10,000 யூனிட், விலை 1.0000. யூனிட்டுக்கு 5 காசு பங்கீடு என்றால் 500 வெள்ளி. அந்தப் பணம் ஃபண்டுக்குள்ளிருந்துதான் வருகிறது, அதனால் விலை 0.9500 ஆகும். 500 வெள்ளியை மறுபடி போட்டால் 526.32 யூனிட் சேரும். 10,526.32ஐ 0.9500ஆல் பெருக்குங்கள்: அதே 10,000 வெள்ளி. வலது பையிலிருந்து இடது பைக்குப் போனது, அவ்வளவுதான். பங்கீட்டுக்கு முந்தின நாள் ஓடிப்போய் வாங்குவதில் ஒரு லாபமும் இல்லை.

என் மகள் அமெரிக்காவில் வேலை செய்கிறாள். "வேரியபிள் அனுவிட்டி" எடுத்திருக்கிறாளாம். அதுவும் இதே யூனிட்டா?

ஓய்வுக்காலம் வரை பாதிக்கு மேல் இதேதான். அது பணத்தை ஃபண்டில் சேர்த்து, ஓய்வில் வருமானமாக வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம். அதை 1952இல் அங்கே கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக முதலில் கொண்டு வந்தார்கள். பணத்தைச் சேர்க்கும் காலத்தில் உங்கள் மகளுக்குச் சேமிப்பு யூனிட் கிடைக்கும். அந்த யூனிட் வாங்கும் ஃபண்டில் பங்கீடு வந்தால், யூனிட் டிரஸ்ட் போல எண்ணிக்கை ஏறாது. பங்கீடு விலைக்குள்ளேயே சேர்ந்துவிடும். மரண அபாயக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் இரண்டும் தினமும் விலையிலிருந்தே கழியும். முதல் சில வருடத்துக்குள் வெளியே எடுத்தால் முறிவுக் கட்டணம் உண்டு. 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு பொதுவாக இன்னும் 10 விழுக்காடு அபராத வரியும் சேரும்.

வித்தியாசமான பகுதி ஓய்வு பெற்ற பிறகு வருகிறது. வாழ்நாள் முழுக்க மாத வருமானமாக வாங்கிக்கொள்ளத் தீர்மானித்தால், சேமிப்பு யூனிட்டை ஓய்வூதிய யூனிட்டாக மாற்றுவார்கள். முதல் மாதத் தொகையை வயதையும் ஒரு அனுமான வட்டியையும் வைத்துக் கணக்கிடுவார்கள். அனுமானம் 4 விழுக்காடு, முதல் தொகை 600 டாலர், அன்றைக்கு ஓய்வூதிய யூனிட் விலை 2.00 டாலர் என்று வையுங்கள். மாதம் 300 யூனிட் என்று எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். அதன்பின் சாகும் வரை 300தான், விலை மட்டும் மாறும்.

செலவு போக ஃபண்ட் சரியாக 4 விழுக்காடு வளர்ந்தால் விலை அதே 2.00, தொகை அதே 600. நிறையப் பேர் இங்கேதான் இடறுகிறார்கள்: "ஃபண்ட் 4 விழுக்காடு ஏறியிருக்கு, எனக்கு ஏன் ஏறல?" அந்த 4ஐ முதல் மாதத் தொகையிலேயே முன்கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். 10 விழுக்காடு வளர்ந்தால் 1.10ஐ 1.04ஆல் வகுத்து விலையோடு பெருக்க வேண்டும்: 2.1154, தொகை சுமார் 635 டாலர். 6 விழுக்காடு விழுந்தால் 1.8077, தொகை சுமார் 542. அனுமான வட்டியைக் கூட்டி வைத்தால் முதல் மாதம் பெரிதாகத் தெரியும், பின்னால் ஏறுவது கடினம். மகளிடம் கேட்கச் சொல்லுங்கள், தன் தாளில் அந்த அனுமானம் எத்தனை விழுக்காடு என்று.

சம்பந்தன் காலத்துக் கூட்டுறவுப் பங்கு அப்பாவிடம் இருக்கிறது. அதுவும் யூனிட் மாதிரியா?

இல்லை. 1960இல் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது மலேசிய இந்தியர் தலைவரான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டித் தோட்டத் தொழிலாளர் வாங்கினார்கள். அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். அது பங்கு: முகமதிப்பு உண்டு, உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. யூனிட்டுக்கு இரண்டும் கிடையாது. அப்பாவின் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அவர் காலமானால் வாரிசு பெயருக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். நம் ஊரில் எத்தனையோ அட்டை பெட்டியிலேயே கிடக்கிறது.

விலை மடமடவென்று விழும்போது விற்றுவிடலாமா?

2020 மார்ச் 18இல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. மறுநாள் கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1,219 புள்ளிக்கு இறங்கியது. பயந்து போன் செய்தவர்கள் அதிகம். ஜூலை மாதக் கடைசியில் அது 1,600ஐத் தாண்டியிருந்தது. அதற்காக எப்போதும் இப்படித் திரும்பும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்த நாளில் எண்ணிக்கை குறையவில்லை, விலைதான் குறைந்தது. விற்றால்தான் எண்ணிக்கை போகும். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் தேவைப்படும் பணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், கல்யாணச் செலவு, இதெல்லாம் முதலிலேயே பங்கு ஃபண்டில் இருந்திருக்கக் கூடாது.

கம்பெனி மூடினால் யூனிட்டுக்குப் பாதுகாப்பு உண்டா?

பிஐடிஎம் (PIDM) என்ற மலேசிய வைப்புத் தொகைக் காப்புறுதி நிறுவனம் காப்புறுதிப் பலன்களை ஓர் உச்ச வரம்பு வரை காக்கிறது. யூனிட் பகுதி அதில் சேராது. சேமநிதியோடு இதை ஒப்பிடாதீர்கள். அங்கே வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவுக்குச் சட்டத்திலேயே உறுதி உண்டு. யூனிட் விலைக்கு யாரும் உறுதி தருவதில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது.

பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். யூனிட்டின் அன்றைய மதிப்பும், யூனிட்டுக்குப் போகாத சந்தாவும், கழித்த கட்டணமும் திரும்ப வரும். மருத்துவப் பரிசோதனைச் செலவை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். நாளை எண்ணுங்கள், "அடுத்த வாரம் பேசலாம்" என்று யாராவது சொன்னால் காத்திருக்க வேண்டாம்.

கம்பெனி பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. எங்கே போவது?

முதலில் கம்பெனியின் புகார் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் நிதிச் சந்தைகளுக்கான ஓம்புட்ஸ்மன் சேவைக்கு எழுதலாம். 2025 ஜனவரியிலிருந்து காப்புறுதிப் புகாரும் யூனிட் டிரஸ்ட் புகாரும் ஒரே இடம்தான். தனி நபருக்குக் கட்டணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது என்ன கொண்டு வரவேண்டும்?

இந்த வருடத் தாளும் போன வருடத் தாளும். முடிந்தால் அதற்கு முந்தினதும். பாலிசிப் புத்தகம் முழுவதும், ஏஜென்டு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தால் அதுவும். மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள், அந்த எண்ணிக்கைக் கட்டத்தை நீங்களே வாசிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் மண்டபத்தில் இருப்பேன். அமாவாசை, திருவிழா நாட்களில் மட்டும் மாலை நான்கு மணிக்கு.